பப்பாளி விதைப் பாடம்

எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் உருண்டு புரண்டு, பேருந்தின் பாதிப் பயணிகளை வாந்தியெடுக்க வைத்துவிட்டு, ஒரு பெட்டி கூழாங்கல் கொல்லிமலைக்கு வந்து சேர்ந்தது.

சோளக்காடு என்ற ஊரில் பானுமதியின் பழக்கடை முன்னால் நடத்துநர் அதை இறக்கிய வேகத்தில் இரண்டு அன்னாசிகள் உயிர்விட்டன. பானுமதி பழம் நறுக்கும் கத்தியால் பெட்டியைக் கீறினாள். உள்ளே வைக்கோல். வைக்கோலுக்குள் துணிப்பை. துணிப்பைக்குள் கல். அடுத்த பையில் மணல். அதற்கும் அடுத்த பையில், எண்ணெய் தடவி மாப்பிள்ளை மாதிரிப் பளபளத்த மரக்குச்சிகள்.

அவள் கணவன் சதீஷ்குமார் மூச்சிரைக்க ஓடி வந்தான். பிரசவ வார்டு வாசலில் குழந்தையை வாங்கிக்கொள்கிறவன்போல இரண்டு கையையும் நீட்டினான்.

"ஏனுங்க, இதென்னங்க?"

"பாப்பாவுக்குப் பாடம்."

"கல்லுங்க இது."

"சும்மா கல்லில்ல பானு. தொட்டுணர்ற கல்லு. ஒவ்வொண்ணையும் கழுவித் தொடச்சு, கொழந்த கைக்கு எதமா இருக்குதான்னு பாத்து அனுப்பறாங்க."

"அப்ப நம்ம ஊட்டுக்குப் பின்னால கெடக்கறதெல்லாம் என்ன, இட்லியா?"

"அதெல்லாம் பாடத்திட்டத்துல வராத கல்லு."

"மலைக்குக் கல்லு வெல குடுத்து வாங்குன மொத ஆளு நீங்கதான். அடுத்து என்ன, காத்தா? டப்பாவுல வருமா?"

சதீஷ்குமார் குச்சிகளை எண்ணத் தொடங்கினான். 'மலைக்காற்று வாசனைக் குப்பி' என்ற ஒன்றைப் போன வாரமே கேட்டிருந்தான். இருப்பு இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மலைக்காரர்கள் 'நாடு' என்று சொல்லும் ஊர்த்தொகுதிகளில் ஒன்றான திண்ணனூர் நாட்டின் ஓரத்தில், சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றிப் பிழைப்பவன் சதீஷ்குமார். ஒரே மகள் பாவை, நாலரை வயது. அவளை ஆறு வயதுவரை வீட்டிலேயே வைத்துப் பாடம் சொல்லிக்கொடுப்பது என்று அவன் முடிவெடுத்ததற்கு ஒரு காரணமும் ஒரு குருவும் உண்டு.

காரணம், பானுமதியின் அண்ணன் செங்கோடன். நாமக்கல்லில் நாலு லாரி ஓட்டுகிறவர். உலகத்தில் எதைப் பார்த்தாலும், இதை எங்கே ஏற்றி எங்கே இறக்குவது என்றுதான் யோசிப்பார். சித்திரையில் வந்தபோது மருமகளையும் அப்படித்தான் பார்த்தார்.

"மாப்ளே, மலையிலயே வெச்சிருந்தா புள்ள கொரங்கோட சேந்து கொரங்காயிரும். அடிவாரத்துல நல்ல ஸ்கூல் இருக்குது. ஹாஸ்டலோட எல்கேஜி. சீட்டு சொல்லி வெச்சுட்டேன்."

"நாலரை வயசுங்க மச்சான்!"

"என்ற லாரி நாலரை வருசத்துல காஷ்மீர் பாத்துட்டு வந்துருச்சு. செரி, ஒண்ணு பண்ணலாம். ஆடிப் பதினெட்டுக்கு நான் மறுபடியும் வாரேன். அப்பன் பேரு, ஊரு பேரு, பத்து வரைக்கும் எண்றது, இடது கை வலது கை. இது போதும். என்ற முன்னால பாவை சொல்லிட்டா இங்கயே இருக்கட்டும். சொல்லலைன்னா துணிமணியக் கட்டி வைங்க."

சதீஷ்குமாருக்கு அன்றிரவு தூக்கமில்லை. ஐந்து வயதில் அவனையும் இப்படித்தான் ஒரு தகரப் பெட்டியோடு கீழே இறக்கி விடுதியில் போட்டார்கள். வளைவுக்கு வளைவு அழுதுகொண்டே இறங்கியவன் அவன். இப்போதும் பேருந்து கீழ்நோக்கித் திரும்பினால் கண்ணை மூடிக்கொள்வான். மகளை அந்த வளைவுகளில் இறக்குவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டான்.

"பக்கத்து ஊரு அங்கன்வாடிக்கு அனுப்புனா நாலே வாரத்துல சொல்லீருமுங்க" என்றாள் பானுமதி.

இங்கேதான் குரு குறுக்கிட்டார். பெயர் சுகுணா மேடம். கோயம்புத்தூரில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் பதினோராவது மாடியிலிருந்து வீடியோ போடுகிறவர். "நான்கு சுவர்கள் குழந்தையின் ஆன்மாவுக்குப் பூட்டு" என்று நான்கு சுவர்களுக்கு நடுவில் ஏசி போட்டுக்கொண்டு சொல்வார். அவர் வீட்டில் எல்லாமே சந்தன நிறம். குழந்தைக்குக் கண் கூசாமலிருக்கப் பழங்களைக்கூட அந்த நிறத்தில்தான் வாங்குவார் போலிருந்தது. பிளாஸ்டிக் பொம்மையைக் கண்டால் பாம்பைக் கண்டதுபோல அலறுவார். மற்றபடி மென்மையானவர். விலை சொல்லும்போதுகூடக் குரல் உயராது.

சதீஷ்குமார் வீட்டில் செல்போன் சிக்னல் கிடைப்பது ஒரே இடத்தில்தான். பின்கட்டில் பலாமரத்தடியில் இருக்கும் பாறை. அந்தப் பாறைமேல் ஏறி நின்றுதான் சந்தேகம் கேட்டுக் குரல் பதிவு அனுப்புவான். குருவின் பதில் வரும்வரை இறங்கமாட்டான். கீழிருந்து பார்க்கிறவர்களுக்கு, சாமி வருவதற்காகக் காத்திருப்பவன் மாதிரி இருக்கும்.

முதல் பாடம் மணல் தட்டு. கோயம்புத்தூர் மணலைத் தட்டில் பரப்பி, விரலால் எழுத்து வரைய வேண்டும்.

"பாவை, 'அ' போடு கண்ணு."

பாவை மணலைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். வாயை மூடினாள். பாடம் என்ற சொல் காதில் விழுந்த கணமே அவள் வாய்க்குப் பூட்டு விழுந்துவிடும். பூனையிடம் பேசுவாள், பலாமரத்திடம் பேசுவாள், கொதிக்கிற உலையிடம் நியாயம் கேட்பாள். அப்பா பாடத்தட்டோடு வந்தால் மட்டும் ஊமை.

பாவை கை வைக்காத மணலில் கடுவன் பூனை கால் வைத்தது. சுற்றிச் சுற்றிக் குழி பறித்தது. இத்தனை சுத்தமான, சலித்த, இதமான கழிப்பறை அதன் பரம்பரையிலேயே யாருக்கும் வாய்த்ததில்லை. காரியம் முடிந்ததும் மணலைத் தள்ளி மூடிவிட்டு, கால் விரல்களை உதறிக்கொண்டு போனது.

"பூனை 'ஃ' போட்டிருக்குதுங்க" என்றாள் பானுமதி, மூக்கைப் பொத்திக்கொண்டு.

சதீஷ்குமார் பாறை ஏறினான். குருவின் பதில் வந்தது. "மணலைக் குழந்தை மறுப்பது வளர்ச்சியின் அறிகுறி சார். நீங்கள் உண்மையான பொருட்களுக்கு மாறுங்கள்." பதிவின் பின்னணியில் ஒரு பிள்ளை, "அம்மா, ஸ்கூல் வேன் வந்துருச்சு, டை எங்கம்மா?" என்று கத்தியது. அது பக்கத்து வீட்டுப் பிள்ளையாக இருக்கும் என்று சதீஷ்குமார் எடுத்துக்கொண்டான்.

உண்மையான பொருள் என்றதும் தொலைபேசியிலிருந்து தொடங்கினான். மரத்தில் செதுக்கிய விளையாட்டுத் தொலைபேசியின் விலையைக் கேட்டு அவனுக்கே தலை சுற்றியதால், மழைக்காலத்து அவசரத்துக்கென்று சார்ஜ் ஏற்றி வைத்திருந்த தன் பழைய பட்டன் போனைப் பாவையிடம் கொடுத்தான். சுவரில் ஓர் அட்டையை ஒட்டினான். தீயணைப்பு வண்டி, போலீஸ் தொப்பி, வெள்ளை வேன், அழுகிற குழந்தை என்று வரிசையாகப் படங்கள். ஒவ்வொன்றின் கீழும் உதவிக்குக் கூப்பிட வேண்டிய எண்.

"அட்டையில இருக்கற நம்பரப் பாரு. அதே நம்பர போன்ல அமுக்கு. இதுக்குப் பேரு பொருத்துதல். எங்க, செய்யி சாமி."

பாவை போனை வாங்கினாள். அப்பா முகத்தைப் பார்த்தாள். ஓடிப்போய்ப் பலாமரத்தடிப் பாறையில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

"பொருத்துதல் தோல்வி" என்று சதீஷ்குமார் பெருமூச்சு விட்டான்.

இடது வலதும் தோல்விதான். ஒற்றையடிப் பாதையில் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு, "இதோ ராமாயி ஊட்டு நாய். இங்க எந்தப் பக்கம் திரும்போணும்? இடதா, வலதா?" என்று தினமும் கேட்டுக்கொண்டே நடந்தான். அவனுக்குக் கழுத்து வலி வந்தது. நாய் மட்டும் தவறாமல் பதில் சொன்னது.

ஆடி பிறந்தது. காற்றும் தூறலும் தொடங்கின. செங்கோடனின் முகம் கனவில் லாரி முகப்போடு வந்து ஹாரன் அடித்தது. சதீஷ்குமார் மறுபடியும் பாறை ஏறினான்.

"பிரித்தெடுக்கும் பயிற்சி கொடுங்கள் சார்" என்றார் சுகுணா மேடம். "பார்ப்பதற்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு பொருட்களைக் கலந்து கொடுங்கள். உங்கள் வட்டாரத்திலேயே கிடைப்பதாக இருக்கட்டும். முக்கியமான விதி, வேலை முடிந்ததும் எடுத்த பொருளை எடுத்த இடத்திலேயே குழந்தை திரும்ப வைக்க வேண்டும்."

மலையில் பிறந்த மனிதன், அதுவும் மிளகுக்காரன். மிளகைப் போலவே இருக்கும் இன்னொரு பொருள் எது என்று தமிழ்நாட்டில் எந்த மளிகைக்காரரைக் கேட்டாலும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வார், குரலைத் தாழ்த்திக்கொண்டு. பானுமதி கடையில் விற்காமல் கனிந்துபோன பப்பாளிகளை எல்லாம் சதீஷ்குமார் வாங்கி வந்தான். விதைகளைக் கழுவி அடுப்புமேட்டில் காயவைத்தான். சுருங்கிக் கறுத்ததும், மிளகின் கூடப்பிறந்தவை மாதிரி ஆகிவிட்டன.

மூலையில் மூட்டை நிறைய மிளகு இருந்தது. தை மாசியில் பறித்து, விலை ஏறட்டும் என்று சேர்த்து வைத்த அந்த வருடத்து உழைப்பு முழுவதும் அதில்தான். அதிலிருந்து தினமும் ஒரு கிண்ணம் எடுப்பான். பப்பாளி விதை ஒரு கிண்ணம் கலப்பான். பாவைமுன் தட்டை வைத்துவிட்டு, "குழந்தையைக் கவனிக்காதது போலக் கவனியுங்கள்" என்ற விதிப்படி தோட்டத்துக்குப் போய்விடுவான். திரும்பி வந்து பார்த்தால் தட்டு காலி. துடைத்து வைத்தது போலச் சுத்தம்.

"பாத்தியா பானு! பிரிச்சு, எடுத்த எடத்துல வெச்சிருக்குது புள்ள!"

"பிரிச்சத நீங்க பாத்தீங்களா?"

"பாக்காம இருக்கறதுதான் பாடமே."

எடுத்த இடத்தில் வைக்க வேண்டும் என்ற விதி, அப்பா சொன்ன ஆயிரம் விதிகளில் பாவைக்குப் பிடித்த ஒரே விதி. தட்டைத் தூக்கிக்கொண்டு போவாள். மூட்டைக்குள் கவிழ்ப்பாள். கையைத் தட்டிக்கொண்டு விளையாடப் போவாள்.

நசீர் அகமது வந்தபோதுதான் இது வெளியே தெரிந்தது. மலையடிவாரத்துக் காரவள்ளிக்காரர், மிளகு வியாபாரி. வழக்கம்போல மூட்டைக்குள் முழங்கை வரை கையை விட்டு அள்ளினார். முகர்ந்தார். ஒரு மணியைக் கடித்தார். இன்னொன்றைக் கடித்தார். மாமியார் வீட்டு விருந்தில் கல்லைக் கடித்துவிட்ட மாப்பிள்ளை போல முகம் மாறியது.

"தம்பி, என்னா இது?"

"மிளகுங்க பாய்."

"அது எனக்குத் தெரியும். இது?"

சதீஷ்குமார் வாங்கிக் கடித்தான். பப்பாளி.

"உங்கப்பா செல்லமுத்து மூட்டையப் பிரிச்சுக்கூடப் பாக்க மாட்டேன் தம்பி. தூக்கி வண்டியில போட்டுட்டுப் போயிருவேன். அவரு மகன் நீ, எனக்கே பப்பாளி வெதையா?"

"ஐயோ பாய், கலப்படம் இல்லீங்க! இது பாடம்!"

"யாருக்கு, எனக்கா?"

பாய் போகிற வழியில் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சோளக்காட்டுச் சந்தையில் நின்றவர்களிடம் மட்டும்தான் சொன்னார். அன்று சந்தை கூடும் நாள். சாயங்காலத்துக்குள் சதீஷ்குமார் மூட்டையில் முக்கால்வாசி பப்பாளி என்றும், மறுநாள் மலை முழுக்க அவன் வைத்திருப்பதே பப்பாளித் தோட்டம் என்றும் ஆகிவிட்டது. பானுமதி கடையில் ஒருவர் பப்பாளி வாங்கிவிட்டு, "உள்ள மிளகு இருக்குமாம்மா?" என்று கேட்டார்.

அவள் கடையை மூடிவிட்டு வந்தாள்.

"தண்ணில கொட்டுங்க. பப்பாளி மெதக்கும்."

"இந்தத் தூறல்ல மிளகு நனஞ்சா காயாது பானு, பூஞ்சை புடிச்சுரும். கையாலதான் பொறுக்கோணும்."

"பொறுக்குங்க. பொங்கலுக்குள்ள முடிஞ்சுரும்."

பொங்கலா? ஆடிப் பதினெட்டு நாளை மறுநாள்! சதீஷ்குமார் பாறைக்கு ஓடினான். குரு கைவிடவில்லை. "தனியாகக் கற்கும் குழந்தை சலிப்படையும் சார். அக்கம்பக்கத்துக் குழந்தைகளையும் சேருங்கள். கூட்டுக் கற்றல்!"

கூட்டுக் கற்றல்! ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று நினைத்தான். மகளுக்குப் பாடமும் ஆச்சு, மூட்டையும் சுத்தம். சுற்று வட்டாரத்தில் பள்ளிக்கூட வயது வராத பிள்ளைகளை எல்லாம், ராமாயி மகன் உட்பட, அவிச்ச மரவள்ளிக்கிழங்கு காட்டி அழைத்து வந்தான். அன்று அபூர்வமாக வெயில் அடித்தது. களத்தில் தார்ப்பாய் விரித்து மூட்டையைக் கவிழ்த்தான். கறுப்பு மலைபோலக் குவிந்தது. பிள்ளைகளைச் சுற்றி உட்கார வைத்தான். பாவையும் மடியில் பூனையோடு உட்கார்ந்தாள்.

"இது வேலையில்ல சாமிகளா, விளையாட்டு. யாரு எந்திரிச்சாலும் விளையாட்டு கெட்டுப்போயிரும்."

சிறிது நேரம் கழித்துப் பாவை மட்டும் எழுந்து, பட்டன் போனை எடுத்துக்கொண்டு பாறைப் பக்கம் போனாள். வெளிக்குப் போகிறாள் என்று அவன் விட்டுவிட்டான். திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டாள். அடுத்த நாளும் விளையாட்டு தொடர்ந்தது. மலை குறையவே இல்லை.

ஆடிப் பதினெட்டு. பண்டிகை பார்க்க மலையே செம்மேட்டுக்குப் போயிருக்க, சதீஷ்குமார் களத்தில் மட்டும் பிள்ளைகள் தலை நிமிராமல் பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். காலையிலும் பாவை ஒருமுறை பாறைக்குப் போய் வந்திருந்தாள். பத்து மணி வாக்கில் ஓர் அரசாங்க ஜீப் திணறிக்கொண்டு வந்து நின்றது.

இறங்கியவர் கலைமணி. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்புப் பிரிவு அதிகாரி. களத்தைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடியும் போட்டுக்கொண்டு பார்த்தார்.

ஜீப் ஓட்டுநர் செல்வம் புகைகிற பானட்டைத் திறந்துவிட்டுப் பானுமதியிடம் வந்தான். "அக்கா, ரேடியேட்டருக்குக் கொஞ்சம் தண்ணி குடுங்க. நல்லவேள, போன்ல வழி சொன்னவங்க கரெக்டாச் சொன்னாங்க. டவர் விட்டு விட்டு வந்துச்சு, சின்னக் குரலு வேற. ஆனா இடது வலது ஒண்ணு தப்பில்லீங்க. 'நாய் கொலைக்கற ஊட்டுக்கிட்ட வலது பக்கம்'னாங்க. அதே மாதிரி நாய் கொலைச்சுதுங்க!"

சதீஷ்குமார் பல்லைக் கடித்தான். புகார்! போட்டுக்கொடுத்திருக்கிறார்கள்! நாய் அடையாளம் சொன்னது யாராக இருக்கும்? நாய்க்காரி ராமாயியைத் தவிர?

கலைமணி தாளை எடுத்துப் படித்தார். "திண்ணனூர் நாடு. சதீஷ்குமார் என்பவர், ஆறு குழந்தைகளையும் ஒரு பூனையையும் வெயிலில் உட்கார வைத்து நாள் முழுக்க மிளகு பொறுக்க விடுகிறார். விளையாட விடுவதில்லை. கேட்டால், இதுதான் விளையாட்டு என்கிறார்." நிமிர்ந்தார். தலைகளை எண்ணினார். ஆறு. பூனையையும் பார்த்தார். "பூனையை எதுக்குச் சொன்னாங்கன்னு ஆபீஸ்ல யாருக்கும் புரியல. கணக்கு சரியாத்தான் இருக்கு."

"மேடம், இது வேலை இல்லீங்க. ஆக்டிவிட்டி."

"மிளகு யாரோடது?"

"என்னுதுங்க."

"பொறுக்கறது யாரு?"

"பிள்ளைங்க."

"வித்தா காசு யாருக்கு?"

"எனக்குங்க."

"பிள்ளைகளுக்கு?"

"அனுபவமுங்க மேடம்."

"கெழங்கும் உண்டுங்க!" என்றான் ராமாயி மகன், அப்பாவியாக.

"கூலி வேறயா?" என்று கலைமணி எழுதிக்கொண்டார்.

சதீஷ்குமாருக்கு வியர்த்தது. பாடத்திட்டத்தைக் காட்டினால் புரிந்துகொள்வார் என்று, சுவரில் ஒட்டியிருந்த தினசரி அட்டவணையைக் கிழித்து வந்து நீட்டினான். அதிகாரி உரக்கப் படித்தார்.

"காலை, வாசல் பெருக்குதல். பிறகு, பாத்திரம் துலக்குதல். பிறகு, குடத்தில் நீர் சுமத்தல். மதியம், துணி துவைத்தல். மாலை, மிளகு." அட்டவணையை மடித்தார். "நாலரை வயசுப் பிள்ளைக்கா? எங்க ஆபீஸ் மாடல் கேஸுக்கு இதையே பிரேம் போட்டு மாட்டலாம்."

"வாழ்வியல் பயிற்சிங்க! பெரிய பெரிய ஊட்டுப் பிள்ளைக காசு கட்டி இதத்தான் பண்ணுதுங்க! வேணும்னா என்ற மேடத்தக் கேளுங்க!"

பாறைமேல் ஏறி, சுகுணா மேடத்தை அழைத்து, ஒலிபெருக்கியில் போட்டான். அதிகாரி என்ற சொல் கேட்டதும் அந்த மென்மையான குரல் இன்னும் மென்மையானது.

"எந்த சதீஷ்குமார் சார்? நான் கல்லு விக்கறவ. எங்ககிட்ட கல்லு வாங்கறவங்க அதை வெச்சு வீட்டுல என்ன பண்றாங்கன்னு எங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

தொடர்பு அறுந்தது. பாறையில் நின்றுகொண்டே டவர் இல்லாமல் போனது அன்றுதான் முதல்முறை.

இதைவிடக் கேவலம் இல்லை என்று அவன் நினைத்த நேரத்தில் செங்கோடன் வந்து இறங்கினார். வெள்ளை வேட்டி, கையில் மருமகளுக்குப் பண்டிகைப் பாவாடை. ஜீப்பைப் பார்த்தார். அதிகாரியைப் பார்த்தார். களத்தில் கறுப்பு மலையைப் பார்த்தார்.

"என்ன மாப்ளே, ஸ்கூல் ஆரம்பிச்சதா சொன்னாங்க. ரெய்டு வர்ற அளவுக்கு வளந்துருச்சா?"

"மச்சான், அது வந்துங்க…"

"அதெல்லாம் அப்பறம். பாவைக் கண்ணு, இங்க வா. மாமனுக்குச் சொல்லு. உங்கப்பன் பேரு என்ன?"

பாவை பூனையின் காதைத் தடவினாள்.

"ஊரு பேரு?"

பூனையின் மற்றொரு காது.

"செரி, எத்தன புள்ளைக உக்காந்திருக்குது, எண்ணு பாக்கலாம். ஒண்ணு…"

பாவை வாயைத் திறந்தாள். சதீஷ்குமாருக்கு உயிர் வந்தது. அவள் கொட்டாவி விட்டாள்.

"இடது கை எது?"

பாவை இரண்டு கையாலும் பூனையைத் தூக்கிக்கொண்டாள்.

"கண்ணு, சொல்லு சாமி, உனக்குத் தெரியுமில்ல!" சதீஷ்குமார் அவள் முன்னால் மண்டியிட்டான். "அப்பா தெனமும் சொல்லிக் குடுத்தனில்ல? ஒண்ணே ஒண்ணு சொல்லு. அப்பா பேரு மட்டும் சொல்லு."

அந்த முகத்தில் கல் இருந்தது. கோயம்புத்தூர்க் கல் இல்லை; உள்ளூர்க் கல்.

கலைமணி தொண்டையைக் கனைத்தார். "ஏங்க, இவ்வளவு நாள் வீட்டுல வெச்சு என்னதான் சொல்லிக் குடுத்தீங்க? அப்பா பேரு கூடத் தெரியல. இந்தப் பிள்ளை எங்கயாவது தொலஞ்சுபோனா எங்க ஆளுங்க எந்த ஊர்ல கொண்டுவந்து விடறது?"

அதற்குமேல் சதீஷ்குமாரிடம் எதுவும் மிச்சமில்லை. மெல்ல எழுந்தான். உள்ளே போனான். எண்ணெய் பூசிய மரக்குச்சிகள் வந்த அதே துணிப்பையைக் காலி செய்து, அதில் மகளின் இரண்டு கவுன்களையும் சீப்பையும் வைத்தான். பானுமதி வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். வழக்கமாக வாயில் தயாராக இருக்கும் குத்தல் ஒன்றுகூட அவளுக்கு அப்போது வரவில்லை.

"எதுக்குங்க இப்பவே?" என்றாள், சின்னக் குரலில்.

"வளைவுல வாந்தி வரும். எலுமிச்சம்பழம் ஒண்ணு வெச்சு விடு." அவன் குரல் முதல் வளைவிலேயே உடைந்தது.

பையைச் செங்கோடனிடம் நீட்டினான். லாரிக்காரர் கூட அதை வாங்கக் கொஞ்சம் தயங்கினார். கலைமணி, எச்சரிக்கை மட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போவதாகச் சொல்லிப் பேனாவைத் திறந்தார். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

பெரியவர்கள் இப்படி நின்ற நேரத்தில், பாவை பூனையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஜீப் பக்கம் நடந்தாள். அங்கே பாடம் இல்லை. தட்டும் இல்லை. ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த செல்வத்தை அண்ணாந்து பார்த்தாள்.

"அண்ணா, நாய் கடிச்சுதா?"

செல்வம் கையிலிருந்த சொம்பு பானட்டில் விழுந்து, தரையில் விழுந்து, சதீஷ்குமார் காலடி வரை உருண்டு வந்தது.

"மேடம்! அப்பா பேரு, ஊரு பேரு, ஆறு புள்ள, ஒரு பூனை, இடது வலதுன்னு அத்தனையும் திக்காமத் தெணறாம போன்ல ஒப்பிச்ச ஆளு இதுதானுங்க மேடம்!"